கூட்டத்துக்கு வராதவன்

மொபைல் கேம் டீமை நடத்தும் ஜஸ்டின், குற்றாலத்தில் மூன்று முறை கூட்டம் போட்டும் டீமில் ஆடும் துல்கர்னைன் வரவில்லை.

"ஏலே, கடையநல்லூர்ல இருந்து வர ஒனக்கு விசாவா வேணும்?" என்று போனில் திட்டினான்.

"வேலைண்ணே. ஆன்லைன்ல ஒரு ஆட்டம்கூட தவறலைலா?"

"மூஞ்சியக் காட்டாதவன் வேண்டாம்லே."

போட்டிக்கு வேறொருவன் பெயரை அனுப்பிவிட்டு, கூரியரில் அனுப்பிய டீம் பனியனைத் திரும்ப வாங்க வீட்டுக்கே போனான். துல்கர்னைனின் உம்மா ஹாஜரா பீவி கதவைத் திறந்தாள்.

"துல்கர் இருக்கானாம்மா?"

"அவன் ஷார்ஜாவுல கம்பி கட்டப் போயி ரெண்டு வருசமாச்சே. கேம் டீம் தம்பியா? உள்ளூர்ப் பயலுவளத்தான் சேப்பியளாமே, அதான் மறைச்சிருப்பான்."

ஜஸ்டின் பனியனைக் கேட்காமலே படியிறங்கத் திரும்பினான்.

"கேம்ல ஒங்க பேச்சக் கேக்க ஆரம்பிச்ச பொறவுதான் தம்பி, எனக்கு போன் போட்டு அழுவுறத விட்டான்."