இருபத்திரண்டாவது நிமிடம்

இருபத்திரண்டாவது நிமிடத்தில் என் கால்கள் நின்றுவிட்டன.

ஷட்டில் இரண்டடி தள்ளித்தான் விழுந்தது. ஓர் எட்டு வைத்திருந்தால் எடுத்திருக்கலாம். தொடை ஒத்துக்கொள்ளவில்லை. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை ஆறு இருபத்திரண்டு.

போன சனிக்கிழமை முப்பத்தொரு நிமிடம் தாக்குப்பிடித்தேன். அதற்கு முந்தையது இருபத்தெட்டு. எல்லாம் நோட்டில் இருக்கிறது. ஏறுமுகமாகத்தான் இருந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் எதிராளி மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவர். தொப்பை உண்டு, வழுக்கை உண்டு, வேர்வைதான் இல்லை. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். இருவரில் ஒருவர் தளர்ந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "போதும்மா, உடம்பை வருத்தாதே" என்பார். துண்டை நான்காக மடித்துப் பையில் வைப்பார். வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போய்விடுவார். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவது கிடையாது.

இருங்கள் என்று நானும் சொன்னதில்லை. அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே இன்னும் முடிவு செய்யவில்லை. "சர்வீஸ் உங்களது" என்பதோடு சரி.

கோர்ட் எங்களுக்கு ஆறிலிருந்து ஏழு வரை. பதினோரு வாரங்களில் நாங்கள் ஒருமுறைகூட ஏழு மணியைப் பார்த்ததில்லை.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் முழுதாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன். திங்களும் வியாழனும் எடைப் பயிற்சி. செவ்வாயும் புதனும் ஓட்டம். வெள்ளியும் ஞாயிறும் ஓய்வு, சனி ஆட்டம். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு. நடுவில் கிடைக்கிற சந்துபொந்துகளை எல்லாம் கணக்கிட்டுத்தான் போட்டேன்.

இந்தத் திங்களன்று வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கம் மாட்டி வைத்து, பிரித்து மறுபடி செய்தேன். செவ்வாயன்று ஷூ லேஸைக் கட்டி நிமிர்ந்தால் மழை. புதனன்று நான் வரைந்த மாடிப்படி மேல்தளத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். வியாழனன்று பஸ் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தால் நான்கு கட்டங்கள் காலி.

காலிக் கட்டத்தை விட்டுவைக்க எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் முன் நான்கு கிலோமீட்டர் ஓடினேன். வகுப்பு முடிந்து வந்ததும் இரண்டு தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு நூறு முறை உட்கார்ந்து எழுந்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். "ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிறாங்களா?" என்றாள். யாரோடு விளையாடுகிறேன் என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை.

நான்கு டிக் போட்டேன். இன்று காலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டுபோல் படியிறங்கினேன்.

எதிராளி துண்டை எடுத்தார். அவ்வளவுதான், முப்பத்தெட்டு நிமிடம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவர் வலைக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். "நேத்து என்ன பண்ணினே?"

சொன்னேன்.

"ஆட்டத்துக்கு முந்தின நாள் எவனாவது காலுக்கு வேலை கொடுப்பானா? எந்த மேதாவி சொல்லிக்கொடுத்தான்? அந்த நோட்டைக் கொண்டா."

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பென்சிலுக்காகக் கையை நீட்டினார். என் கட்டம், என் கோடு, இவரை யார் கேட்டார்கள்? கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிற்க முடியவில்லை.

திங்களை அடித்துவிட்டுப் 'பதினைந்து நிமிடம் போதும்' என்று எழுதினார். செவ்வாய் ஓட்டத்தை அடித்துவிட்டுக் 'கடைக்கு நடந்தே போ' என்றார். கடை எவ்வளவு தூரம் தெரியுமா என்றேன். தெரியாது, சொல் என்றார். சொன்னேன். கால் பயிற்சியைப் புதனுக்கு மாற்றினார். புதன்தான் வகுப்பில் பிடித்துவைக்கிறார்களே என்றேன். மாடிப்படியை ஒழுங்காக வரைந்தால் ஏன் பிடித்துவைக்கப்போகிறார்கள் என்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மல்லுக்கட்டினோம். நான் போட்ட ஏழு நாளில் அவருக்குப் பிடித்தது சனிக்கிழமை மட்டும்.

"விட்டது விட்டதுதான். அதை ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதே" என்றார்.

"அப்போ விட்டதைப் பிடிக்கவே வேண்டாமா?"

அவர் பென்சிலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஆட வந்த இருவர் கோர்ட் ஓரத்தில் கனைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன்.

மணி ஏழு.

வாசலில் அவர் எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் தந்தார். வெளியே போகாமல் நிலைக்கருகில் நின்றார். காவலாளி வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "பதினோரு வாரமா சொல்றேன், வெறும் பேரை எழுதாதேம்மா. இனிஷியல் இல்லேன்னு ஆபீஸ்ல எனக்குத்தான் திட்டு விழுது."

மேல் வரியில் எதிராளியின் பெயர் இருந்தது. அதன் முதல் எழுத்தை, ஒரு புள்ளி வைத்து, என் பெயருக்கு முன்னால் எழுதினேன்.