பார்வையாளர் பதிவேட்டில் ஃபெர்னான்

ஓய்வுபெற்றதும் லக்சம்பர்க்கின் அருங்காட்சியகங்களை எல்லாம் சைக்கிளிலேயே போய்ப் பார்ப்பதென்று லியோனியும் கணவர் ஃபெர்னானும் முடிவு செய்திருந்தார்கள். மார்ச்சில் ஃபெர்னான் இறந்துபோனார். மே மாதம் லியோனி தனியாகக் கிளம்பினாள்.

காலையில் எக்டெர்னாக் ஊர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் பதிவேட்டைத் திறந்தாள். கடைசி வரியில் ஃபெர்னானின் கையெழுத்து இருந்தது. அன்றைய தேதிதான். மத்தியானம் டீகிர்க்கிலும் அப்படியே. வியாண்டன் மேட்டை மூச்சிரைக்க மிதித்து ஏறினாள். அங்கே மைகூடக் காய்ந்திருக்கவில்லை.

"இவர் எங்க?" என்று கையெழுத்தைக் காட்டி டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாள்.

"இப்பதான் சைக்கிள எடுத்துக்கிட்டு போனாருங்க. சிரிக்கச் சிரிக்கப் பேசினாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"வீட்டம்மா வரலையான்னு நானே கேட்டேன். எனக்குக் கல்யாணமே ஆகலன்னுட்டாருங்க."

லியோனி பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். அடுத்து எழுதவேண்டியது கல்யாணத்தோடு வந்த அவருடைய குடும்பப் பெயர். பேனா அங்கேயே நின்றுவிட்டது.