முழுச் சுற்று

சாப்பாட்டு மேசை முழுக்க மலை விரிந்து கிடந்தது. வரைபடம் சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் உப்பு ஜாடி, தண்ணீர் ஜக்கு, மாமியாரின் மாத்திரை டப்பா, மனைவியின் கைப்பேசி. ஒரு வாரமாகப் புதுப் பூட்ஸோடு வீட்டுக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்த கணவர், பென்சிலால் ஒரு வட்டத்தைத் தட்டினார்.

"இதான் முழுச் சுத்து. கீழ வனத்துறை கேட்ல ஆரம்பிச்சு, முகடு ஏறி, அந்தப் பக்கமா இறங்கி, அதே கேட்டுக்கு வந்து சேரணும். விடியறப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள இறங்கலாம். சாதாரண ஆளுங்களால முடியாது."

"சிங்கம்டா நீ," என்று மகனைப் பார்த்துச் சொன்னார் சோபாவில் சாய்ந்திருந்த மாமியார்.

சிங்கம் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். ஊரில் யாருக்கு என்ன ஆபத்து வரும் என்று கணக்குப் போடுவது வேலை. முதுகுப்பையின் எடையைக் குறைக்க டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டியிருந்தார். ஒரு பகல் நடைக்கு டூத் பிரஷ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது.

கேட்பது அவர்தான். மணிக்கொரு தரம் அலுவலகத்திலிருந்து மனைவிக்கு ஃபோன் வரும்: எங்க இருக்கே, யாரு வந்தா, எதுக்கு மூச்சு வாங்குது. அதை வைத்ததும் அம்மாவுக்கு ஒன்று, இவள் சொன்னது உண்மைதானா என்று. இப்போதெல்லாம் மணி அடிப்பதற்கு முன்பே அவள் கை ஃபோனுக்குப் போய்விடுகிறது.

"ஒரே கஷ்டம், மேல டவர் கிடைக்காது. அம்மா, நீதான் இவளைப் பாத்துக்கணும். அடுத்த தெருவுக்குப் போகக்கூட ப்ளான் பண்ணத் தெரியாதவ."

"நீ நிம்மதியா போயிட்டு வா. அன்னிக்கு முழுக்க இவளை விட்டு ஓரடி நகர மாட்டேன்."

மனைவி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தவரின் பார்வை சுவரில் நின்றது. அப்பாவின் படம் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு சதுரம்.

"அப்பா படம் எங்க?"

"கண்ணாடியில விரிசல். மாத்தக் குடுத்திருக்கேன்," என்றார் மாமியார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இந்த வயசுல உனக்கு எதுக்கு சொந்தமா யோசனை?"

மாமியார் மாத்திரை டப்பாவுக்குக் கை நீட்டினார். வரைபடம் சுருண்டுவிடும் என்று கணவர் அந்தக் கையை விலக்கினார். அதற்குள் அவருடைய ஃபோன் அடித்தது. கூட வரப்போகும் பல் டாக்டர்.

"சார், யோசிச்சுப் பாத்தேன். முழுச் சுத்து நம்ம முட்டிக்கு ஆகாது. முகட்டுக்கு முன்னாலயே ஒரு குறுக்குப் பாதை பிரியுதாம். அதுல இறங்கிட்டா மதியச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம்."

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட கணவர் பூட்ஸைப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான் டாக்டர். மதியத்துக்குள்ளன்னா..."

மனைவியின் கையில் துணி நின்றுவிட்டது.

"உனக்கு அது போதும்ப்பா," என்றார் மாமியார் கொட்டாவியோடு. "உங்க அப்பாவும் இப்படித்தான். எதை எடுத்தாலும் பாதியில இறங்கிடுவார்."

"விடுங்க அத்தை," என்றாள் மனைவி மெல்ல. "மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு முட்டுது. மதியத்துக்கு நான் சூடா ஏதாவது பண்ணி வைக்கிறேன்."

"யாருக்கு மூச்சு முட்டுது?" அவர் மேசையைத் தட்டிய வேகத்தில் உப்பு ஜாடி கவிழ்ந்து, முகடெல்லாம் பனி பெய்தது. "டாக்டர், குறுக்குப் பாதைப் பேச்சே வேண்டாம். முழுச் சுத்துதான். பாதியைத் தாண்டிட்டா, திரும்பற தூரத்தைவிட முடிக்கிற தூரம்தான் கம்மி. அதுக்கப்புறமும் யோசிச்சு நிக்கறவன் முட்டாள்."

கவிழ்ந்த உப்பைக் கூட்டி எடுக்கும்போது அந்த வார்த்தைகள் மனைவிக்குள் திரும்பத் திரும்ப ஓடின. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்கு உபயோகமாக அவர் சொன்னது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகுவதற்குள் டாக்டரின் கார் வந்தது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிய, நெற்றியிலும் ஒரு விளக்கை எரியவிட்டுக்கொண்டு, இரண்டு கைத்தடிகளோடு கணவர் ஏறினார். மனைவி கேட்வரை போய்க் கை அசைத்தாள்.

மலையடிவாரத்திலிருந்து கடைசி ஃபோன் வந்தது. "இனிமே டவர் இருக்காது. எங்க இருக்கே?"

"வீட்லதான்."

"அம்மாகிட்ட குடு."

"என் பக்கத்துலதான்டா நிக்கறா. முழுசா முடிச்சிட்டு வா," என்றார் மாமியார்.

ஃபோனை வைத்தபோது வாசலில் ஒரு வேன் பின்பக்கமாக வந்து நின்றது. கயிற்றுச் சுருளும் பழைய போர்வைகளுமாக இரண்டு பேர் இறங்கினார்கள்.

"ரெண்டு பேர் சாமான்தானேம்மா? ரொம்ப அவசரமா?"

மனைவி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் தன் கட்டிலுக்கு அடியிலிருந்து, புடவையில் சுற்றிய படத்தை இழுத்து எடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. புடவை முனையால் அதை ஒருதரம் துடைத்து, வேன்காரரிடம் நீட்டினார்.

"நிதானமா ஏத்துப்பா. அவன் இறங்கச் சாயங்காலம் ஆகும்."