சாக்பீஸில் ஒரு பெயர்

சைகோனின் பழைய இயந்திரக் கிடங்கில், கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில் அந்தச் சின்ன சுவிஸ் லேத்தின் மேல் விழுகிறது. கியெம் வருடக்கணக்கில் தேடியது இதைத்தான். "லேத்தோட பெட் தேஞ்சு போச்சுண்ணே, வந்து பெட்ரோலைக் கரைக்காதீங்க" என்று காலையில் போனில் சொன்ன கூட்டாளி தோவின் பெயர் அதன்மேல் சாக்பீஸில் இருக்கிறது. இங்கே பெயர் எழுதிவிட்டால் கல்யாணமே முடிந்த மாதிரி. வேறு யாரும் விலை கேட்கக்கூடாது. தோ ஐஸ் காபியைக் கலக்கிக்கொண்டு நிற்கிறான்.

"தேஞ்சதை நீ எதுக்குடா எடுக்குற?"

"காயலான் விலைண்ணே. உங்க தலையில போய் குப்பையைக் கட்டுவேனா?"

கியெம் கட்டைவிரல் நகத்தை, லேத்தின் அடியில் தண்டவாளம்போல் நீளும் இரும்புப் பெட்டின் மேல் வைத்து, தலைப்பக்கத்திலிருந்து கடைசிவரை மெதுவாக இழுக்கிறார். தேய்ந்திருந்தால் நகம் எங்காவது தட்டும். எண்ணெயில் வழுக்குவதுபோலப் போகிறது. மறுபடியும் முதலிலிருந்து இழுக்கிறார், இந்தத் தடவையாவது தட்டிவிடாதா என்று.