பதினோராவது பக்கம்

“கறண்ட் போனா இதெல்லாம் அழிஞ்சு போயிடாதா மகள்?”

முதற் கேள்வியே இப்படி வரும் என்று குணேஸ்வரி நினைக்கவில்லை. வரக்கூடிய கேள்விகள் என்று ஐம்பத்திரண்டைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை பாடமாக்கி வந்திருந்தாள். இது அதில் இல்லை.

“அழியாது சேர். இந்தா, இப்பிடிச் சேமிச்சு வைச்சால் எத்தனை தரம் கறண்ட் போனாலும் இருக்கும்.”

விடை ஒழுங்காகத்தான் வந்தது.

கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் இன்றைக்கு வருவார் என்று வகுப்பை நடத்தும் றம்ஸியா மிஸ் சொல்லியிருந்தார். வகுப்புத் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே இந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாசலில் நின்று, “மிஸ் இல்லையா? பாக்க வரச் சொன்னாங்க” என்றார். மிஸ் அலுவலக அறையில் தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குணேஸ்வரி பதறியடித்துக் கதிரையை இழுத்துப் போட்டு, அவரைத் தன் கணினிக்கு முன்னால் இருத்திவிட்டாள். சட்டையில் டீசல் மணத்தது. பாவம், வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்திருப்பார்கள். லொறி பிடித்து வந்திருப்பார்.

உட்துறைமுக வீதியின் அந்த மாலைக் கணினி வகுப்பில் சோதனைத் தாள் கிடையாது. ஆளுக்கொரு மின்கோப்பு. ஆறு மாதம் செய்த வேலை, விட்ட பிழை, அன்றன்று விளங்கியது, விளங்காதது எல்லாம் கணினிக்குள் பன்னிரண்டு பக்கங்களாக இருக்கும். பன்னிரண்டும் நிரம்பியிருந்தால்தான் சான்றிதழ்.

அது அவளுக்குக் கட்டாயம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடி வந்தபோது அம்மா தையல் இயந்திரத்தைத் தூக்கினார். சான்றிதழ்ப் பெட்டியைத் தூக்க ஆளில்லை. குணேஸ்வரி படித்தவள் என்பதற்கு இனி இந்த மின்கோப்புத்தான் சாட்சி.

அவர் திரையை வாசித்துவிட்டுச் சிரித்தார். “விளங்கினது ஒரு வரி, விளங்காதது ஒரு பக்கமா?”

“குறை நினைக்காதேங்கோ சேர்.”

“குறை என்ன மகள்? என்ன பழுதெண்டு எழுதி வெச்சாத்தானே திருத்தலாம்.”

எவ்வளவு படித்த மனிதர்! அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்ட, பதினோராவது பக்கமும் வந்துவிட்டது.

“இது ஏன் வெறுமையாக் கிடக்கு?”

‘கணினியைத் தொட்டறியாத ஒருவருக்கு நான் கற்பித்தேன்’ என்பது தலைப்பு. கற்றுக்கொண்டவர் தன் கையாலேயே அதில் ஒரு வரி எழுத வேண்டும்.

“எனக்குப் படிப்பிக்க ஏலாது சேர். ஆக்களுக்கு முன்னால நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்னம்மாவைக் கேட்டுப் பார்த்தனான். கறண்ட் அடிக்கும் எண்டு கிட்டவும் வரேல்லை.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, அது கிடக்கட்டும். இந்த மவுஸ எப்பிடிப் பிடிக்கிற?”

தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்டுச் சோதிப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவர் மவுஸைத் தூக்கித் திரையில் வைத்து அழுத்தினார். நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தாள்.

“மேசையில வையுங்கோ சேர். இவ்வளவு அமத்தாதேங்கோ, இதென்ன இடியப்ப உரலே?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ கோபிக்கவில்லை. நல்ல பிள்ளையாக மவுஸை மேசையில் வைத்தார். அரை மணித்தியாலம் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடினார். அவள் பிழையைக் காட்டினாள், அழிப்பித்தாள், மறுபடி எழுதுவித்தாள். நாக்கு ஒட்டவேயில்லை. திறந்து கிடந்த பக்கத்தில் கடைசியாக ஒரு வரி தேறியது: ‘கறண்ட் போனாலும் அழியாது.’

“இப்ப சேமியுங்கோ சேர்.”

அவர் சேமித்தார். அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது.

றம்ஸியா மிஸ் அலுவலக அறையிலிருந்து ஓடி வந்தார். “குணேஸ், கொழும்பு சேருக்கு இண்டைக்கு வர ஏலாதாம். ஹபரணையில பாதை பூட்டு. வெள்ளிக்கிழமைதான் வருவாராம். நல்லதாப் போச்சு, அதுக்குள்ள உங்கட பதினோராவது பக்கத்துக்கு ஆரையாவது தேடுங்க.”

குணேஸ்வரி கதிரையில் இருந்தவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மிஸ்ஸும் பார்த்தார்.

“என்ன ஆதம்பாவா நானா, இன்னும் எங்கட ஜெனரேட்டரைத் திருத்தல்லையா?”

“எங்க மிஸ் திருத்துற? வந்த மனிசன இந்த மகள் பிடிச்சு இருத்திப் படிப்பிச்சுப் போட்டா. பதினோராவது பக்கத்துக்கு இனி ஆள் தேட வேணாம். நானே எழுதி, நானே சேமிச்சும் வெச்சிட்டன்.”