சுவிட்சை வெளியே மாத்தணும்

"பாத்ரூம் உள்ள இருக்கிற கீசர் சுவிட்சை வெளியே மாத்தணும், வேணு. பதினோரு மணிக்குள்ள முடியணும்" என்று சொல்லிக்கொண்டே வாடகை வீட்டின் பூட்டைத் திறந்தார் பூவராகவன்.

எலெக்ட்ரீஷியன் வேணு பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"காஞ்சனா இருந்த வீடாச்சே இது?"

"இருந்தா. ஆனா வீடு என்னுதுப்பா."

புத்தூரில் அந்தத் தெருவுக்கே விஷயம் தெரியும். போன வாரம் புரட்டாசி சனிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுத் தளிகை போடலாம் என்று விடியற்காலையில் பாத்ரூமுக்குள் போன காஞ்சனா, ஷாக் அடித்துச் செத்துப்போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பாவி மகளுக்கு.

வேணுவுக்கு வந்ததே கோபம்.

"அண்ணா, மனுஷங்கதானா நீங்க? ஈரக்கையோட சுவிட்சைத் தொட பயமா இருக்குது, வெளியே மாத்திக் குடுங்கன்னு அந்தப் பொண்ணு எத்தினி வாட்டி கேட்டுச்சு! என் எதிர்லயே கேட்டுச்சே. டைல்ஸை உடைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். இப்ப உடைன்னு சொல்றேன்."

"இப்ப எதுக்கு? செத்தவ வந்து குளிக்கப் போறாளா?"

பூவராகவன் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திருப்பதியில இருந்து எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வராரு. சுவிட்ச் உள்ள இருந்தா கேஸ் என் மேல. வெளியே இருந்தா..."

"இருந்தா?"

"அவ குளிக்கும்போது வெளியே இருந்து அதைப் போட்டது யாருன்னு கேப்பாங்க."

வேணுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கு வீட்டில் இருந்தது காஞ்சனாவின் புருஷன் முரளிதரன் மட்டும்தான். மாப்பிள்ளைதான் என் பொண்ணைக் கொன்னுட்டான் என்று நகரியிலிருந்து வந்த அவளுடைய நைனா கம்ப்ளெயிண்ட் கொடுத்திருந்தார். முரளிதரனை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். சுவிட்ச் உள்ளே இருப்பது ஒன்றுதான் அவனுக்குச் சாட்சி.

"போலீஸ் பார்த்திருக்குமே?"

"பாடியை அப்பவே ஹால்ல கிடத்திட்டோம். பாத்ரூமை ஒருத்தரும் எட்டிப் பாக்கல. முதல்லயே வெளியதான் வச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அடப்பாவி மனுஷா!" வேணு வாசல் பக்கம் திரும்பினான். "முரளி எனக்குத் தம்பி மாதிரி. பொண்டாட்டி போன துக்கத்துல சோறு துன்னாம கெடக்கிறான். அவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, நாமம் போட்டுக்கினு மலை ஏறப் போறீங்களா நீங்க? இன்ஸ்பெக்டர் வரட்டும். சுவிட்ச் உள்ளதான் இருந்துச்சு, இவருதான் மாத்த உடலைன்னு நானே சொல்றேன்."

"சொல்லு. லைன் போட்டது நீதானே? உன்னையும்தான் கேப்பான்."

"கேக்கட்டுமே! என் வேலை சுத்தம். இருபது வருஷமா இந்த ஊர்ல ஒயரிங் செய்துகினு இருக்கேன், ஒருத்தன் குறை சொன்னதில்லை. வாங்க, கண்ணால பாருங்க."

மெயினை அணைத்துவிட்டு விறுவிறுவென்று பாத்ரூமுக்குள் போனான். ஸ்டூலில் ஏறி, கீசர் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஈரக்கை சுவிட்சுல பட்டுத்தான் ஷாக்கு. கீசர் பழுதாகி கரண்டு கசிஞ்சாலும் ஆளை அடிக்காது, தெரிஞ்சுக்குங்க. எர்த் ஒயர் அதைத் தரைக்கு இழுத்துக்கும். இதோ பாருங்க, நான் எப்படிக் குடுத்திருக்கேன்னு..."

மூடியை எடுத்தான். பேச்சு நின்றுவிட்டது.

"இன்னாச்சு?" பூவராகவன் எட்டிப் பார்த்தார். "அந்தப் பச்சை ஒயரு ஏன் எதுலயும் சேராம தொங்கிகினு இருக்குது? அதான் நீ சொன்ன எர்த்தா?"

வேணு அந்த லைனைப் போட்டது கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள். வீட்டைக் கழுவிவிட ஆட்கள் வந்து நின்று அவசரப்படுத்தினார்கள். எர்த்தை அப்புறம் வந்து முடுக்கிக்கொள்ளலாம் என்று மூடியை மாட்டிவிட்டுப் போனவன்தான். மறந்தே போனான்.

காஞ்சனா எந்தச் சுவிட்சையும் தொட்டிருக்கவே வேண்டாம். தண்ணீரில் கை நீட்டியிருந்தாலே போதும்.

பூவராகவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேணு அந்தப் பச்சை ஒயரை அதன் இடத்தில் வைத்து இறுக முடுக்கினான். மூடியை மாட்டினான். கீழே இறங்கி, பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான்.

பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுவிட்டு, நிமிராமலே கேட்டான்.

"இந்த உயரம் முரளி கைக்கு எட்டுமா, அண்ணா?"