துண்டுக்கு அடியில் ஒரு பதில்

பக்கத்து நாட்டின் மேல் போட்ட வர்த்தகத் தடையை எடுக்கச் சொல்லி, மிளகாய் ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர் பொன்னுரங்கம் மறுபடியும் அமைச்சகத்துக்கு வந்திருந்தார். கோடவுனில் சரக்குக்கு ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த மாசம் எடுப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

"அதை நான் வாயைத் திறந்து சொல்லக்கூடாதுங்க," என்றார் அதிகாரி மதிவதனி.

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டைக் கைமேல் போர்த்தி, மேசைக்கு மேலே நீட்டினார். சந்தையில் அடுத்தவருக்குத் தெரியாமல் விரலைப் பிடித்து விலை சொல்வது அப்படித்தான். மாட்டுத் தரகரின் மகளான மதிவதனிக்கு அது தெரியாதா என்ன? அவர் ஒருமுறை கதவைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டார்.

வெளியே வந்ததும் பொன்னுரங்கம் போனை எடுத்தார்.

"கோடவுனைத் திறங்கப்பா. லோடு ஏத்துற நாள் நெருங்கிடுச்சு. மிளகாயை வெயில்ல காயப்போடுங்க."